உரியவர் இப்போது இல்லை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனால் மூன்றாவது மாடியில் எனக்கு எதிர்வீட்டில் இருந்தவர் முப்பத்தேழு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் பொத்தானை அமுக்கி மேலே அனுப்பிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு ஐம்பத்து நான்கு படி ஏறிப் போவார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் எங்கள் கட்டடத்தில் யாரும் இல்லை. அவர் மட்டும் சிரிக்கமாட்டார். படிக்கட்டு பழுதாகாது என்பார், அதோடு பேச்சு முடிந்தது. எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான்.

கறாரான மனிதர். குடித்துவிட்டு வந்து கத்தியதாகவோ, கை நீட்டியதாகவோ யாரும் சொல்ல முடியாது. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவார். ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்காது. கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை, அதற்குப் பின்னால் இன்னொரு அறை. அந்தப் பின்னறை அவருடையது. அதில் அவருடைய கருவிகள், ரேடியோ, மீன் பிடிக்கும் தூண்டில்கள், வருடம் வருடமாக எழுதிச் சேர்த்த வேலைக் குறிப்பேடுகள். பூட்டியிருக்கும். சாவி அவர் பேண்ட் பையில். வாரத்துக்கு ஒருமுறை அவர் வாசலில் நின்றுகொள்ள, அவர் மனைவி உள்ளே போய்ப் பெருக்கிவிட்டு வெளியே வந்துவிடவேண்டும்.

அந்த அம்மா கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் சமையலறைக்குப் போகிற வழியில் ஒரு மூலையில், டியூப்லைட்டுக்குக் கீழே இருந்தது. பகலிலும் அந்த விளக்கு எரியும். ஒரே மகள், இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, கல்யாணமாகி நகரத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்தாள். அவள் கெட்டிக்காரி. பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன சட்டை, செருப்பு, மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றையும் இணையத்தில் ஏலம் போட்டு விற்றுவிடுவாள். வேண்டாததை வீட்டில் வைத்திருந்தால் அது நம்மையே தின்றுவிடும் என்று என் மனைவிக்கும் ஒருமுறை வகுப்பெடுத்தாள்.

அவருக்கு அறுபத்து நான்கு வயதில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்தார். நான்காவது நாள் மூச்சு வாங்கியது. கீழே இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். நுரையீரல் முழுக்கச் சளி, தீவிர சிகிச்சைப் பிரிவு, தொண்டையில் குழாய். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போனது. பதினான்காம் நாள் பெரிய டாக்டர் மகளையும் மனைவியையும் தனியே அழைத்து, மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் தயார்ப்படுத்திக்கொண்டோம். படிக்கட்டில் பேசும்போது, நல்ல மனுஷனாக இருந்தார் என்று இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்திருந்தோம்.

அவர் சாகவில்லை. இருபத்தோராம் நாள் காய்ச்சல் இறங்கியது. முப்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். நாற்பத்தாறாம் நாள் வீட்டுக்கு வந்தார். அரை உடம்பாக இருந்தார். ஐம்பத்து நான்கு படி ஏற முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்து படிக்கு ஒருமுறை சுவரில் கை வைத்து நின்றார். நான் பையை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தார். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. களைப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பின்னறையின் கதவு திறந்திருந்தது. சுவருக்கு வெளிர்பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். நடுவில் தையல் மெஷின். அவருடைய சாமான் ஒன்றுகூட இல்லை. சுவர் ஓதம் பிடித்திருந்தது, வண்ணம் அடிக்கவேண்டியிருந்தது, எல்லாவற்றையும் மூட்டை கட்டி மகள் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றார்கள். அவருக்குக் கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. சண்டை போடுகிற தெம்பு அவருக்கு இல்லை. சரி என்று படுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மூக்குக்கண்ணாடி கேட்டார். மனைவி அலமாரியைத் திறந்து மூடினார், பையைத் துழாவினார், கடைசியில் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். பழையது எங்கே என்றதற்கு அதுவும் மகள் வீட்டில் என்று பதில். சுவருக்கு வண்ணம் அடிக்க மூக்குக்கண்ணாடியை எதற்கு மூட்டை கட்டவேண்டும்? சத்தத்தை வைத்தே பழுது எங்கே என்று கண்டுபிடிக்கிற தொழிலில் இருந்தவர் அவர். அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பொழுது போகட்டும் என்று மகள் தன்னுடைய பழைய டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அதில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. நீங்கள் விற்ற ‘ஆண்கள் கைக்கடிகாரம், நல்ல ஓட்டம்’ என்ற பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்திருக்கிறது. அவர் விரலால் தொட்டார். மகளின் ஏலக் கணக்கு அப்படியே திறந்துகொண்டது.

நாற்பத்தொரு பொருள். ஒவ்வொன்றையும் அவருடைய கட்டிலில், அவருடைய நீலப் போர்வையின் மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். ‘மூக்குக்கண்ணாடி மூன்று, ஒரே விலை.’ ‘தோல் ஷூ, குதிகால் சற்றுத் தேய்ந்தது.’ ‘சவர செட், பிளேடு இல்லாமல்.’ ரேடியோவுக்கு மட்டும் பதினோரு பேர் போட்டி போட்டிருந்தார்கள், கடைசி இரண்டு நிமிடத்தில் விலை மளமளவென்று ஏறியிருந்தது. கருவிப் பைக்கு இரண்டே பேர். குறிப்பேடுகளை யாரும் கேட்கவில்லை. விலையைக் குறைத்து இரண்டாம் முறை போட்டும் ஆள் இல்லை. பிறகு அவை பழைய பேப்பருக்குப் போய்விட்டன. எந்தக் கட்டடத்தில் எந்தத் தேதியில் என்ன பழுது, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் வெளியே எடுத்தார் என்று முப்பத்தேழு வருடமும் எழுதியது.

“கடிகாரம் போனது கூடப் பரவாயில்ல சார்” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். “நோட்டுப் புக்கை ஒருத்தன் கூட கேக்கலை பாருங்க.”

ஏலத்தில் வாங்க வருகிறவர்கள் கேள்வி கேட்கலாம். ஏன் விற்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘உரியவர் இப்போது இல்லை’ என்று பதில் போட்டிருந்தது. நாற்பத்தொரு பொருளின் கீழும் அதே வரி இருந்தது. கருவிப் பையை எடுக்க நினைத்தவர், இது உண்மையிலேயே ஒரு மெக்கானிக் பயன்படுத்தியதுதானா என்று கேட்டிருந்தார். அதற்கு மகள் நீளமாக எழுதியிருந்தாள். அப்பா உழைப்பாளி, இந்தப் பையை யாரையும் தொட விடமாட்டார், தூக்கத்திலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று. அந்தப் பதிலை எழுதிய தேதியை அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டி வைத்திருந்த நாள் அது. அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

இன்னொன்றையும் பார்த்தார். முதல் பொருள் ஏலத்துக்கு வந்தது அவர் ஆஸ்பத்திரிக்குப் போன ஒன்பதாம் நாள். டாக்டர் கையை விரித்தது பதினான்காம் நாள்.

அன்று மாலை அவர் என் கதவைத் தட்டினார். அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேலே எழுதிய எல்லாவற்றையும் நின்றபடியே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தார். பிறகு, கருவிப் பையில் ஒரு முக்கோணச் சாவி இருக்கிறது, அது வெளியாள் கையில் இருக்கக்கூடாது, நாளைக்கு என்னோடு வரமுடியுமா என்றார். லிஃப்ட் வராத மாடியிலும் வெளியே இருந்து கதவைத் திறக்கிற சாவி அது. விளையாட்டாகத் திறந்து கால் வைத்தால் நேரே பள்ளத்தில்தான். வாங்கியவரின் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார்.

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனோம். அது ஒரு காபிக் கடை. கண்ணாடிக் கதவு, மர மேசைகள், மடிக்கணினியோடு நாலைந்து பேர். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அவருடைய கருவிகள். பெரிய மரப் பலகையில் கம்பியால் கட்டி, மேலே சின்ன விளக்குப் போட்டிருந்தார்கள். ஸ்பேனர்கள், திருப்புளிகள், எண்ணெய்க் குப்பி, கைவிளக்கு. கீழே ஓர் அட்டை: ‘ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கை.’

அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அந்தச் சுத்தியல் என்னுது இல்ல” என்றார் என்னிடம் மெதுவாக.

காபி சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கடைக்காரர் தாடி வைத்த இளைஞர், நல்ல மாதிரி. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துத் தானே வந்து பேசினார். சுவர் வெறிச்சென்று இருந்ததாம், பொருத்தமாக ஏதாவது தேடிக்கொண்டிருந்தாராம், இணையத்தில் இது கிடைத்ததாம்.

“அவங்க குடும்பம் ரொம்பப் பாசமானவங்க சார். எழுதியிருந்ததைப் படிச்சப்போ எனக்கே கண்ணு கலங்கிருச்சு.”

“எப்படிப் போனாராம்?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“தூக்கத்துலயே போயிட்டாராம். கொடுத்து வச்சவர்.”

“ஆமா” என்றார் இவர். “கொடுத்து வச்சவர்தான்.”

லிஃப்ட்காரர் நிதானமாகக் காபியைக் குடித்து முடித்துவிட்டு, அந்தப் பையில் ஒரு முக்கோணச் சாவி இருந்திருக்குமே என்றார். இருந்தது. கழிவறைச் சாவி தொலைந்து போகாமலிருக்க அதோடு சேர்த்துக் கோத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வந்தார்கள். அது என்ன சாவி என்று இவர் விளக்கியதும் கடைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. உடனே கழற்றிக் கொடுத்தார். நீங்கள் யார் என்று கேட்டதற்கு, அவரோடு வேலை பார்த்தவன் என்றார் லிஃப்ட்காரர். கடைக்காரர் காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா அந்தப் பலகைக்கு மதிப்பு போயிடும் சார். உசிரோட இருக்கிறவன் ஸ்பேனரை எவன் விளக்குப் போட்டுப் பார்ப்பான்?”

அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சாவியை நேரே பழைய கம்பெனியில் கொண்டுபோய் ஒப்படைத்தார். அன்று முழுக்க மகளைப் பற்றித்தான் பேசினார். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை இப்படிச் செய்யும் என்று நினைக்கவில்லை, அவசரத்தைப் பாருங்கள், அஞ்சு நாள் முந்திக்கொண்டாள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அன்று நடந்ததை அவரேதான் பிற்பாடு என்னிடம் சொன்னார், ஒரே நாளில் இல்லை, படிக்கட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக.

அவர் டேப்லெட்டை மகள் முன்னால் வைத்தார். அவள் பார்த்தாள், உட்கார்ந்து அழுதாள். டாக்டர் அப்படிச் சொன்ன பிறகு என்னப்பா செய்வது, அம்மா தனியாக இந்தச் சாமானோடு கிடந்து மருகவேண்டாம் என்றுதான் செய்தேன், நீங்கள் பிழைத்து வந்ததும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாளைக் கடத்தினோம் என்றாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் தேதியைக் காட்டினார். ஒன்பதாம் நாள். அப்போது டாக்டர் பயப்படவேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தார்?

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் பார்த்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

“அவளை ஏன் கேக்கறீங்க?” என்று மனைவி உள்ளிருந்தே சொன்னார். “நான்தான் போடச் சொன்னேன்.”

கையில் துணியோடு வெளியே வந்தார். குரலை உயர்த்தவில்லை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அவருடைய துணிமணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்களாம். துவைக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தவர், பேண்ட் பையைத் திருப்பியபோது பின்னறைச் சாவி விழுந்ததாம். அது கையில் தனியாகக் கிடைத்தது இந்த வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான்.

“உள்ள போய் ஜன்னலைத் திறந்தேன். வெயிலும் காத்தும் சேர்ந்து வந்துச்சு. அந்தப் பக்கம் அப்படி ஒரு ஜன்னல் இருக்கு, நான் இருபத்தாறு வருஷமா டியூப்லைட்ல ஊசி கோத்துக்கிட்டு இருக்கேன். தரையிலேயே உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக மனசே வரலை. ஜன்னலை மறைச்சுக்கிட்டு உங்க தூண்டில் நின்னுச்சு. முதல்ல அதைத்தான் போடச் சொன்னேன்.”

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே இடம் கொடுத்திருப்பேனே என்றார் அவர். கேட்டேன் என்றார் மனைவி. இந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது ஒருமுறை. அதற்கடுத்த வருடம் கண் வலி வந்தபோது ஒருமுறை. மெஷின் சத்தம் ஆகாது என்று இரண்டு தடவையும் அவர் சொன்னாராம். அவருக்கு எதுவுமே நினைவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தும் வரவில்லை என்று என்னிடம் சொன்னார். இத்தனை பழுதும் நினைவில் இருக்கிற எனக்கு இது எப்படி இல்லாமல் போனது என்றார்.

கடைசியாக அவர் அதைக் கேட்டுவிட்டார்.

“நான் செத்துடணும்னு நினைச்சியா?”

அந்த அம்மா கையிலிருந்த துணியை நான்காக மடித்தாராம்.

“அப்படி நினைக்கலை. ஆனா நீங்க இல்லாத வீட்டைப் பார்த்துட்டேன். அது நல்லா இருந்துச்சு.”

மகள், அம்மா சும்மா இரும்மா என்று பதறினாள்.

பிறகு மகள் என்னென்னவோ செய்ய வந்தாள். வாங்கியவர்களுக்கு எல்லாம் எழுதி, பொருளைத் திருப்பிக் கேட்கிறேன் என்றாள். ரேடியோக்காரர் முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டார். ஷூ வாங்கியவர், போட்டு நடந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். அதே மாதிரிப் பொருட்களை வேறு ஏலத்தில் எடுத்துத் தருகிறேன் என்றாள். எதுவும் வேண்டாம் என்றார் அவர். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உரியவர் இப்போது இல்லை என்று போட்டிருக்கிறதே, அதை மட்டும் திருத்திவிடு. அவள் முயற்சி செய்தாள். முடிந்துபோன ஏலத்தின் பக்கத்தில் எதையும் மாற்ற முடியாது என்று ஏல நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. ஆக அது அப்படியே இருக்கிறது, நாற்பத்தொரு இடத்தில். விற்றவர் நம்பகமானவர், சொன்னபடி பொருள் இருந்தது என்ற பாராட்டுகளும் அதன் கீழே இருக்கின்றன.

உடம்பு தேறியதும் ஒரு சின்னக் கம்பெனியில் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தார். வாரத்தில் நான்கு நாள். கருவி எல்லாம் கம்பெனியே கொடுத்தது, சாயங்காலம் அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்கு அவர் எதையும் வாங்கி வரவில்லை. இரண்டு செட் துணி, ஒரு ஜோடி செருப்பு, புதுக் கண்ணாடி. கூடத்துக் கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் அடங்கிவிடும். பின்னறைப் பக்கம் அவர் போவதில்லை. அவர்களுக்குள் சண்டை இல்லை. முன்பு அவருக்குப் பயந்து வீடு அமைதியாக இருந்தது. இப்போது அவரும் சத்தம் போடாமல் நடக்கப் பழகியிருந்தார். மெஷின் மட்டும் பகலெல்லாம் ஓடும். ஒருநாள் என் மனைவி ஜன்னல் வழியாக அந்த அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு தைப்பதைக் கேட்டுவிட்டு வந்து, இத்தனை வருடத்தில் அவர் பாடுவார் என்றே தெரியாது என்றாள். அவர் கணவருக்கும் தெரிந்திருக்காது.

யார் பக்கம் நியாயம் என்று எங்கள் கட்டடத்தில் கொஞ்ச நாள் பேசினார்கள். பெண்கள் ஒரு மாதிரியும் ஆண்கள் ஒரு மாதிரியும் பேசினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். நானும் ஒருநாள் அவர் மூலமாகவே தீர்ப்பைத் தெரிந்துகொள்ளலாம் என்று, மனைவி மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். கோபப்பட அவள் ஒன்றும் பொய்யாகச் சொல்லவில்லையே, அதுதானே கஷ்டம் என்றார்.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்வதற்கு முந்தின வாரம் அவரைப் படிக்கட்டில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வருடாந்தரப் பரிசோதனை முடித்துவிட்டு வந்தது நேற்றைக்கு என்றார். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முதுகில் தட்டினாராம். நுரையீரல் இளைஞனுடையது போல இருக்கிறது, இன்னும் பதினைந்து வருடம் தாராளமாக இருப்பீர்கள் என்றாராம்.

நல்ல செய்திதானே, வீட்டில் சொன்னீர்களா என்றேன்.

“சொன்னேன். மெஷினை நிறுத்திட்டுக் கேட்டா. கையில இருந்த துணியை நாலா மடிச்சா.” அவர் அடுத்த படியில் கால் வைத்தார். “அப்புறம், சரி, கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுதுன்னா.”